பழைய வீட்டின் மின்பெட்டியை மாற்றியபோது செலவான ஒன்றரை லட்சம்

மன்னார்குடியில் எங்கள் அப்பா 1981-இல் கட்டிய வீட்டில் அம்மா இப்போது தனியாக இருக்கிறார். 2024 சித்திரை வெயிலில் அவருடைய அறைக்கு ஒரு ஏசி வாங்கினோம். வீட்டில் அது இரண்டாவது ஏசி. அதைப் பொருத்த வந்த இளைஞர் சுவரில் துளையிடுவதற்கு முன்பு மீட்டர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். திண்ணைச் சுவரில் இருந்த மரப்பலகையையும், அதில் இருந்த இரும்பு மெயின் சுவிட்சையும், நான்கு பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் பார்த்துவிட்டு, இந்தப் பலகையை மாற்றாமல் இதிலிருந்து இன்னொரு ஏசிக்கு இணைப்புக் கொடுக்கத் தன் மனம் ஒப்பவில்லை என்று சொல்லி, ஏசியை மாட்டிவிட்டு மின் இணைப்பு தராமலே போய்விட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைக்கும்போது, அந்த வேலைகள் முழுவதிலும் எங்களுக்கு முதலில் நன்மை செய்தவர் அவர்தான் என்று சொல்வேன்.

அவர் போன பிறகு மெயினை அணைத்துவிட்டு ஒரு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். மெல்லிய ஃபியூஸ் கம்பி ஓர் இழை இருக்க வேண்டிய இடத்தில், சாதாரண ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகள் நான்கைந்தை முறுக்கிக் கட்டியிருந்தது. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்பதற்காக யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு அது. ஃபியூஸ் போவது ஒரு தொல்லை என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் தாங்கக்கூடிய அளவை மீறும்போது, ஒயர் கருகுவதற்கு முன்பு தான் கருகிக் காப்பதற்காகவே அந்தக் கம்பி அங்கே இருக்கிறது. அதைத் தடிமனாக்கினால் கருகும் இடம் பலகையிலிருந்து சுவருக்குள் இடம் மாறுகிறது. கட்டையின் பின்பக்கம் பீங்கானே பழுப்பேறியிருந்தது. மரப்பலகையில் ஒரு கரிய வளையம் படிந்திருந்தது.

அன்றிரவு வீட்டில் உள்ள கருவிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்துக் கணக்கெழுதினேன். ஒன்றரை டன் ஏசி இரண்டுக்கும் சேர்த்து 3.2 கிலோவாட், கீசருக்கு 2 கிலோவாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2, ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 1, விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.3. ஆக மொத்தம் 9.5 கிலோவாட். 230 வோல்ட்டில் இதன் பொருள் 41 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்றாலும், கோடைக்காலத்தில் காலை ஆறரை மணிக்கு ஏசி, கீசர், மோட்டார், அடுப்பு நான்கும் சேர்ந்து ஓடும் நேரம் உண்டு. அப்பா வீடு கட்டியபோது இருந்தவை ஆறு விளக்குகளும் மூன்று மின்விசிறிகளும் ஒரு வானொலியும்தான். ஒயரிங் அந்த வாழ்க்கைக்குப் போதுமானதாக இருந்தது. இந்தக் கணக்கை யாரிடமும் விலை கேட்பதற்கு முன்பே நாமே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு மணி நேரம் போதும். பிறகு வரும் எல்லாப் பேச்சுக்கும் அதுவே அடிப்படையாகிறது.

நான் ஒதுக்கி வைத்திருந்த தொகை 30,000 ரூபாய். முதலில் வந்த எலக்ட்ரீஷியன், பலகையை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டி ஒன்றை வைத்து, சுமை மீறினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்சுகளும், மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தித் தர, பொருளும் கூலியும் சேர்த்து 22,000 ரூபாய் கேட்டார். ஒரே நாளில் முடித்தும் விட்டார். பெட்டி பளிச்சென்று இருந்தது, அம்மாவுக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலையில் கூடத்து மின்விசிறியைப் போட்டவுடன் வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. மீண்டும் போட்டோம், மீண்டும் நின்றது. அவரை அழைத்தோம், வந்தார், அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வேலை செய்தார், சரியாகிவிட்டது என்றார். அதன் பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் உள்ள 'டி' என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அதன் அட்டையில் அச்சிட்டிருந்ததைப் படித்து, அழுத்தினேன். நெம்புகோல் டக்கென்று கீழே விழுந்தது. விளக்குகள் அணையவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போகும் ஒயர்களைக் கருவியின் வெளிச்செல்லும் முனையிலிருந்து கழற்றி, உள்வரும் முனையிலேயே சேர்த்து முறுக்கியிருந்தார்கள். உயிர் காக்கும் கருவி பெட்டிக்குள் விளக்கு எரிந்தபடி இருந்தது. ஆனால் வீட்டின் மின்சாரம் அதன் வழியாகப் போகவே இல்லை. புதிதாகப் பெட்டி மாற்றிய எவரும் இந்த ஒரு சோதனையை, பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே, எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நிற்கும்போதே செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொத்தானை அழுத்தினால் நெம்புகோல் விழ வேண்டும், அந்த ஆர்.சி.சி.பி.யைச் சேர்ந்த விளக்குகளும் பிளக்குகளும் அத்தனையும் செத்துப் போக வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றாலும் வேலை முடியவில்லை.

அடுத்து, ஒப்பந்தக்காரர் உரிமமும் சோதனைக் கருவிகளும் வைத்திருக்கும் ஒருவரைத் திருவாரூரிலிருந்து வரவழைத்தேன். அறுபது வயதை ஒட்டியவர். அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு வீட்டைச் சுற்றி வந்தார்; பரணில் ஏறினார்; கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் குழி கொல்லையில் எங்கே என்று கேட்டார். அம்மாவிடம், எதையாவது தொட்டால் கை சுரீரென்கிறதா என்று கேட்டார். "கிரைண்டரைத் தொட்டா லேசா மரத்த மாதிரி வரும். செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்றார் அம்மா. எத்தனை மாதமாக என்று கேட்டதற்கு, இரண்டு வருடம் இருக்கும் என்றார். எங்களிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

திருவாரூர்க்காரர் கண்டறிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். செலவு எங்கே இருக்கிறது என்பது இதில்தான் இருக்கிறது.

முதலாவது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர். பழைய வீடுகளில், ஓர் அறைக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் பேஸ் ஒயர் ஒரு ஃபியூஸிலிருந்தும், அதன் நியூட்ரல் பக்கத்து அறையின் நியூட்ரலோடு எங்கேயோ ஒரு மூலையில் முறுக்கி இணைத்தும் இருப்பது சாதாரணம். ஃபியூஸ் கட்டைக் காலத்தில் இதனால் எதுவும் நின்றுவிடாது. ஆனால் ஆர்.சி.சி.பி. என்பது, தன் வழியாக வெளியே போகும் மின்னோட்டமும் தன் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், மீதி யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி மின்சாரத்தை ஆர்.சி.சி.பி. வழியாக வாங்கி, அதற்கு வெளியே இருந்த இன்வெர்ட்டரின் நியூட்ரல் வழியாகத் திருப்பிக்கொண்டிருந்தது. கருவி சரியாகத்தான் விழுந்தது. முதலில் வந்தவர், ஒயரிங்கைத் திருத்துவதற்குப் பதிலாகக் கருவியை விலக்கிவிட்டார். ஊருக்குள் விசாரித்தபோது, "அடிக்கடி விழுகிறது, எடுத்துவிட்டோம்" என்று சொன்ன வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருந்தன.

இரண்டாவது எர்த். சமையலறைப் பிளக்கின் மூன்றாவது துளைக்கு வரும் கம்பி சுவருக்குள்ளேயே அறுந்திருந்தது. கிரைண்டர் அம்மாவின் கையில் காட்டியது அதைத்தான். கொல்லையில் உப்பும் கரியும் இட்டுப் புதைத்த பழைய இரும்புக் குழாயின் தடையை அளந்தபோது 38 ஓம் காட்டியது. 5 ஓமுக்குள் இருப்பது நல்லது என்றார். 38 என்பதன் பொருளை அவர் ஒரு தாளில் வகுத்துக் காட்டினார்: 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். அறுந்த கம்பியைச் சேர்த்த பிறகு கிரைண்டரின் உடலில் பேஸ் முழுமையாகத் தொட்டுவிட்டால்கூட அந்த 6 ஆம்பியர்தான் மண்ணுக்குப் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல, அது விழாது, கிரைண்டரின் உடல் மின்சாரத்தோடு அப்படியே நின்றுகொண்டிருக்கும். எம்.சி.பி. ஒயரைக் காப்பதற்காக உள்ளது, மனிதரைக் காப்பதற்காக அல்ல என்பதை நான் அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அதே 6 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியரைப் போல இருநூறு மடங்கு என்பதால், கம்பி அறுபடாமல் ஆர்.சி.சி.பி.யும் இருந்திருந்தால் எர்த் குழி இவ்வளவு மோசமாக இருந்தும் கண்ணிமைப்பதற்குள் துண்டித்திருக்கும்.

மூன்றாவது, ஒயர்களே. ஒயரின் காப்பு உறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்துச் சோதித்ததில், குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டிய இடத்தில் சமையலறைச் சுற்று 0.2 காட்டியது. பெரும்பாலான அறைகளில் ஓடியது பழைய 3/22 ஒயர். செம்பின் குறுக்களவு 1.2 சதுர மில்லிமீட்டரை ஒட்டியது. அதில்தான் கீசரின் 2,000 வாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபின் பல நாள் இருளில் இருந்தோம். மின்சாரம் வந்தபோது, அறுந்திருந்த மெயின் ஒயரை மீட்டருக்கு இந்தப் பக்கத்தில் நாங்களே அவசரமாக முறுக்கி டேப் சுற்றி வைத்தோம். பிறகு மறந்துபோனோம். ஆறு வருடம் கழித்து அந்த டேப்பை அவர் பிரித்தபோது உள்ளே ரப்பர் உருகி ஒயரோடு ஒட்டியிருந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகு அவர் சொன்னது, "தம்பி, பெட்டியை மாத்துறது ஒரு நாள் வேலை. பெட்டிக்குள்ள வந்து சேர்றதை மாத்துறதுதான் வீட்டு வேலை." பெட்டி மாற்றச் செலவு எவ்வளவு என்று கேட்கும் எல்லோருக்கும் நான் இப்போது தரும் பதிலும் இதுதான்.

எங்களுக்குத் தேவைப்பட்ட சுமைக்கு, மூன்று பேஸ் ஒயர்கள் வரும் மும்முனை இணைப்புத்தான் தர இயலும் என்பதால், விண்ணப்பித்து மாறினோம். மும்முனைக்கு மாறும்போது நியூட்ரலைப் பற்றிய கவனம் பன்மடங்காக வேண்டும். ஒருமுனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் விளக்கு எரியாது, ஆனால் கருவிகள் எரிந்துபோகாது. மும்முனையில் நியூட்ரல் விட்டுப்போனால், இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை வீட்டுக் கருவிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சுமை குறைவாக உள்ள பேஸில் இருக்கும் தொலைக்காட்சிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் 300 வோல்ட்டுக்கு மேல் போய் அவை எரிந்துவிடலாம். ஆகவே நியூட்ரல் ஒயரின் முனைக்கு லக் என்ற உலோகப் பூணை வைத்து அழுத்தி, திருகை இறுக்கி, ஒரு மாதம் கழித்து வந்து மீண்டும் ஒருமுறை இறுக்கினார். இதற்காக அவர் தனியாகப் பணம் கேட்கவில்லை. ஆனால் யாரிடம் வேலை கொடுத்தாலும், ஒரு மாதம் கழித்து வந்து திருகுகளை இறுக்கித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. நம் ஊரில் பலரும் கேட்கும் பேஸ் மாற்றும் சுவிட்சை எங்கள் வீட்டில் விளக்குகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மட்டுமே வைத்தார். ஒரு பேஸ் போனால் ஏசி இரண்டையும் மோட்டாரையும் எஞ்சியிருக்கும் ஒரு பேஸில் தள்ளுவதற்கு அவர் இணங்கவில்லை.

இனி, 2024-இல் ஆன செலவின் கணக்கு. மூன்று பேஸ்களுக்கும் தனித்தனியே ஆர்.சி.சி.பி. வைக்கக்கூடிய, கடைகளில் பி.பி.ஐ. என்று சொல்லும் இரட்டைக் கதவுப் பெட்டி 5,200 ரூபாய். மெயினாக நான்கு முனை எம்.சி.பி. 1,500. ஆர்.சி.சி.பி. மூன்று, ஒன்று 2,200 வீதம் 6,600. எம்.சி.பி. பதினாறு, 190 வீதம் 3,040. லக், பஸ்பார் போன்ற சில்லறைப் பொருள்கள் 660. ஆக, பெட்டியும் அதன் உறுப்புகளும் சரியாக 17,000 ரூபாய். இடி, மின்னலால் வரும் திடீர் உயர் அழுத்தத்திலிருந்து காக்கும் கருவி 6,000. அதையும் சேர்த்தால் 23,000. வயலை ஒட்டிய கடைசித் தெருவில் எங்கள் வீடு இருப்பதால் அதை விடவில்லை. நகரத்தின் நடுவே நெருக்கமான தெருவில் இருப்பவர்கள், பணம் இறுக்கமானால், இதை மட்டும் பிறகு பொருத்திக்கொள்ளலாம், பெட்டியில் இடம் விட்டு வைத்தால் போதும்.

ஒயருக்கு 35,000 ஆனது. விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4, மீட்டரிலிருந்து பெட்டிக்கு 10. இதில் ஒரு செய்தி: 2024 மே மாதத்தில் உலகச் சந்தையில் செம்பின் விலை டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டி உச்சத்துக்குப் போனது. சித்திரையில் கேட்ட விலை வைகாசியில் இல்லை. ஒயர் விலையை மட்டும் கடையில் எழுதி வாங்கி, முன்பணம் கட்டி உறுதி செய்துகொண்டிருந்தால் மூவாயிரம் வரை மிச்சமாகியிருக்கும். கொல்லையில் இரண்டு எர்த் குழிகள் தோண்டி, குழாய் இறக்கி, களிமண் கலவை இட்டு மூட 14,000. வேலை முடிந்து அளந்தபோது 2.8 ஓம். இரும்புப் பெட்டிகள், சுவிட்சுகள், குழாய்கள் 9,500. ஒயரிங் கூலி 38,000. சுவரை வெட்டி ஓட்டிய தடங்களைப் பூசி வண்ணம் அடிக்கக் கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் 12,500. மும்முனைக்கு மாறுவதற்கான கட்டணங்களும் வைப்புத்தொகையும், கம்பத்திலிருந்து வரும் புதிய சர்வீஸ் ஒயரும் சேர்த்து 21,000. மொத்தம் 1,53,000 ரூபாய். முதலில் வீணான 22,000 இதில் சேரவில்லை. அந்தப் பெட்டி ஒருமுனைக்கானது என்பதால் அதிலிருந்து சில எம்.சி.பி.களைத் தவிர எதுவும் பயன்படவில்லை. அவற்றைப் பம்பு செட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறோம்.

பெட்டியும் உறுப்புகளும் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருக்க, விலை பேசும்போது நாம் அனைவரும் பெட்டியின் நிறுவனப் பெயரைப் பற்றியும், ஓர் எம்.சி.பி.க்கு இருபது ரூபாய் குறையுமா என்பதைப் பற்றியுமே பேசுகிறோம். பூச்சு, வண்ணம், சர்வீஸ் ஒயர், எர்த் ஆகியவை விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. அவை இல்லாததால்தான் பட்டியல் குறைவாகத் தெரிகிறது. மூன்று பேரிடம் விலை கேட்பவர்கள் மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: மெகர் வைத்துப் பார்ப்பீர்களா, எர்த் தடையை அளந்து எண்ணை எழுதித் தருவீர்களா, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி நியூட்ரல் இழுப்பீர்களா, இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரலை எங்கே சேர்ப்பீர்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவருக்கு ஆர்.சி.சி.பி. ஏன் விழுகிறது என்பதும் தெரிந்திருக்கும்.

குறைக்க முடிந்த இடங்களும் உண்டு. படுக்கையறைகளில் பழைய குழாய்கள் அடைபடாமல் இருந்ததால் சுவரை வெட்டாமல் அதே வழியில் புது ஒயரை இழுத்தோம். கூடத்தில் சுவருக்கு வெளியே பி.வி.சி. பட்டை ஓட்டினோம். அழகு சற்றுக் குறைவுதான், ஆனால் பூச்சுச் செலவு பாதியானது. சுவிட்சுகளில் விலையுயர்ந்தவற்றை விட்டுவிட்டு நடுத்தரமானவற்றை எடுத்தோம். எதிலும் ஒயரின் அளவைக் குறைக்கவில்லை. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் எம்.சி.பி. வைக்கவும் இல்லை. ஏசி போடும்போது விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 வைப்பது, அந்தப் பழைய ஃபியூஸ் கட்டையில் செம்பு இழைகளை முறுக்கிய அதே செயல்தான்.

வேலை ஒன்பது நாள் நடந்தது. அம்மாவைத் தஞ்சாவூரில் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். அறை அறையாக முடித்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றாலும், தூசியும் வெயிலும் வயதானவர்களுக்கு ஆகாது. முடிந்த அன்று எல்லாச் சுற்றுகளுக்கும் பெயர் எழுதி, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒரு தாளில் வரைந்து, பெட்டியின் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். அளந்த எண்களையும், தேதியையும் அதிலேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

இப்போது ஒவ்வோர் அமாவாசையன்றும் அம்மாவே மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி, எந்தெந்த அறை அணைகிறது என்று பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார். பங்குனியிலும் சித்திரையிலும் மண் காயும்போது எர்த் குழிகளில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். கொல்லை மோட்டாருக்குப் போகும் ஒயர் மட்டும் இன்னும் பழையது. அதற்கு மதிப்பீடு 8,500 ரூபாய், தை பிறந்ததும் செய்ய வேண்டும்.